ஒருத்தர் பார்த்துட்டுப் போயிருக்காங்க

…ஆணிகளை மட்டும் பிடுங்காமல் போயிருக்கிறார்கள், பிடுங்கியிருந்தால் ஓட்டை, பிடுங்காவிட்டால் ஆணி, இரண்டில் எது தேவலை என்றால் ஆணிதான், அடுத்து வருகிறவர்கள் ஒரு கடிகாரத்தையாவது மாட்டிக்கொள்வார்கள், என்று தனக்குள் பேசிக்கொண்டே லிஃப்ட்காரர் கூடத்தின் நடுவில் நின்றார். நேற்று மத்தியானம் வரைக்கும் இங்கே ஒரு குடும்பம் இருந்தது, புருஷன், பெண்டாட்டி, இரண்டு பெண் குழந்தைகள், மூன்று வருஷம் இருந்துவிட்டு வேலை மாற்றலாகிப் போய்விட்டார்கள், இப்போது மிச்சம் சுவரில் ஆணிகள், சமையல் மேடையில் ஒரு தீப்பெட்டி, குளியலறையில் பாதி தேய்ந்த சோப்பு. சோப்பை மறந்தார்களே தவிர வாடகையை ஒரு மாதம்கூட மறந்ததில்லை, தங்கமான மனுஷங்க, அந்தச் சின்னப் பெண்ணின் முகம்கூட இப்போது சரியாக ஞாபகம் வரவில்லை, வாடகை வருகிற தேதி மட்டும் கல்லில் வெட்டின மாதிரி நிற்கிறது, அதற்கு என்ன செய்ய. அவர் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்துவிட்டார். பூட்டின வீட்டுக்கு ஒரே ராத்திரியில் ஒரு வாடை வந்துவிடும், வருகிறவர்கள் மூக்கைச் சுளித்தால் போச்சு, அதையே சாக்காக வைத்து வாடகையைக் குறைக்கச் சொல்வார்கள். காலையில் வீடு பார்க்க ஒரு ஜோடி வருகிறது, அதற்குப் பின்னால் பேங்கிலிருந்து மதிப்புப் போடுகிறவர் வருகிறார், எல்லாம் அவர் ஏற்பாடு பண்ணினபடிதான் நடக்கிறது. ஆனாலும் ராத்திரியிலிருந்து என்னமோ ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது, பல் இடுக்கில் மாட்டினது மாதிரி, நாக்கு சும்மா இருக்காமல் அங்கேயே போகிறது. பையன் வீட்டிலிருந்து அவர் பெண்டாட்டி போன் பண்ணினாளே, அதுவா? ஆனால் அவள் என்ன பேசினாள், ஒன்றும் விசேஷமாகப் பேசவில்லையே… பேரனுக்குக் கடைவாய்ப்பல் வருகிறது என்றாள், கடிக்கிறான் என்றாள், தன் முழங்கால் பரவாயில்லை என்றாள், சாப்பிட்டீங்களா என்றாள். ஆச்சு என்றார். அவ்வளவுதானே.

லிஃப்ட்காரர் என்றால் லிஃப்டுக்குள் நின்று பொத்தான் அமுக்குகிறவர் இல்லை, லிஃப்டை மாட்டுகிறவர், பழுது பார்க்கிறவர், முப்பது வருஷமாக உடம்பில் கிரீஸ் வாசனையோடு வீட்டுக்கு வந்தவர், அதில் பாதி வருஷம் அந்த வீடு இதே வீடுதான். இதை வாங்கினபோது பையன் பள்ளிக்கூடத்தில் இருந்தான், அரை டிராயர் போட்டுக்கொண்டு இந்தக் கூடத்தில் வழுக்கி வழுக்கி விளையாடினான். கடன் பாதி அடைந்திருந்த சமயம் பேங்க் மேனேஜர்தான் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார், உங்க வீடு இப்போ விலை ஏறிக் கிடக்கு சார், அதுமேலயே இன்னொரு கடன் வாங்கலாம், அதை முன்பணமா வெச்சு இன்னொரு வீடு வாங்கலாம், அந்த வீட்டுக்கு வர்ற வாடகை அந்தக் கடனைக் கட்டிடும், உங்க கைக்காசு கொஞ்சம்தான். அன்றைக்கு ராத்திரி இதோ இந்தச் சமையலறையில்தான் அவளுக்கு விளக்கினார், தரையில் உட்கார்ந்து, ஒரு கரண்டியையும் ஒரு நூல்கண்டையும் வைத்துக்கொண்டு. இத பாரு, லிஃப்ட் பெட்டியை மேல தூக்கறது மோட்டார்னுதானே நினைக்கிறே, இல்லவே இல்ல, மறுபக்கம் ஒரு பாரம் தொங்குது, அது கீழ இறங்க இறங்க பெட்டி மேல போகும், மோட்டார் சும்மா ஒரு தள்ளு தள்ளுது, அவ்வளவுதான். நாம போடறது அந்தத் தள்ளு. மிச்சத்தையெல்லாம் வாடகை இழுத்துக்கும். அவள் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கயிறு அறுந்துட்டா? என்றாள். ஒரு கயிறா இருக்கு பைத்தியம், அஞ்சாறு கயிறு, ஒண்ணு போனாலும் மத்தது தாங்கும். கொஞ்ச நேரம் கழித்து, அப்போ பெட்டிக்குள்ள யாருங்க இருக்கா? என்று கேட்டாள். நாமதான்டி, வேற யாரு, என்று சிரித்தார். அவளும் சிரித்தாள், கரண்டியை வாங்கிக்கொண்டு போய்க் கழுவி மாட்டினாள். அந்தச் சிரிப்பு நன்றாக ஞாபகம் இருக்கிறது, இந்த மேடைக்கு அந்தப் பக்கம் நின்றுதான் சிரித்தாள், ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு… தீப்பெட்டியை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார், நாலைந்து குச்சி இருந்தது, சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பேராசை பிடித்து அலைந்தார் என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. பேராசை என்றால் கம்பெனியில் கூட வேலை பார்த்த ஏழுவீட்டார், கையில் ஒன்றுமில்லாமல் ஏழு வீடு வாங்கினார், பேங்க் நூற்றுக்கு எண்பது தருகிறேன் என்றால் அவர் தொண்ணூறு கிடைக்காதா என்று கேட்பார், வட்டியும் ஏறி இறங்குகிற வட்டி, அது ஏறினபோது இரண்டு வீடு காலியாகக் கிடந்தது, தவணை கட்ட ஒரு வீட்டை விற்றார், அவசரத்துக்கு விற்றதால் அடிமாட்டு விலை, அப்புறம் அடுத்தது, அப்புறம் மொத்தமும் கோவிந்தா. இப்போது மச்சான் வீட்டு மாடியில் ஒண்டிக்கொண்டிருக்கிறார், ஆனாலும் ஜனங்கள் இன்னும் ஏழுவீட்டார் என்றுதான் கூப்பிடுகிறார்கள், என்ன ஒரு நக்கல். லிஃப்ட்காரர் அப்படியில்லை. பேங்க் எண்பது நீட்டினால் அறுபது போதும் என்பார். வட்டி நிலையான வட்டிதான். வருஷத்தில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடக்கும், குழாய் ஒழுகும், சுண்ணாம்பு அடிக்க வேண்டும், இத்தனையும் கழித்த பிறகும் வாடகை தவணையைத் தாண்ட வேண்டும், தாண்டாவிட்டால் அரண்மனையாக இருந்தாலும் தொட மாட்டார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஆறு மாதத் தவணையைத் தனியாக ஒதுக்கி வைத்திருப்பார், செத்தாலும் அதில் கை வைக்கக் கூடாது. இரண்டாவது வீடு, மூன்றாவது, நாலாவது, எல்லாம் ஒழுங்காக நின்றது, ஒரு கயிறுகூட முறுக்கவில்லை. மேனேஜரே கைகுலுக்கி, உங்களை மாதிரி ஆள் நூத்துல ஒருத்தர் சார் என்றார். இதில் எங்கே தப்பு? தப்பே இல்லையே, தப்பு இருந்தால்தானே திருத்தலாம்…

இந்த வீடுதான் கணக்கில் உதைத்துக்கொண்டே இருந்தது. மற்ற மூன்றும் சம்பாதிக்கின்றன, இது மட்டும் சும்மா கிடக்கிறது. அதை அவர் வாய்விட்டே சொன்னார், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் இதோ இந்த ஜன்னலோரம் உட்கார்ந்து பையன் கல்யாணத்துக்கு எடுத்த துணிக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தாள். நாம இருக்கறதாலதான் இந்த வீடு சும்மா கிடக்குது, இதுக்கு நல்ல வாடகை கிடைக்கும், பையனும் வேலைக்கு வெளியூர் போயிட்டான், ரெண்டு பேருக்கு இவ்வளவு பெரிய வீடு எதுக்கு? அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, நாம இருக்கறது சும்மா கிடக்கறதாங்க? என்று கேட்டாள். இல்லடி, கணக்குக்குச் சொன்னேன் என்றார். கணக்குக்குத்தான் சொன்னார், சத்தியமாக. நாலாவது வீடு இருக்கிற கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் இருக்கிற அறைக்குப் பக்கத்தில் ஒரு ஒற்றை அறை சல்லிசாகக் கிடைத்தது, அங்கே போனார்கள். ரெண்டே வருஷம் பல்லைக் கடிச்சுக்கோ, அப்புறம் நம்ம வீட்டுக்கே வந்துடலாம் என்றார். யாராவது லிஃப்டைக் கூப்பிட்டால் சுவர் அதிரும், அவருக்கு அது தாலாட்டு, எந்தக் கயிறு எப்படிப் பேசுகிறது என்று படுத்தபடியே சொல்லுவார், அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. ஒன்றரை வருஷம் இருந்தாள், முனகவே இல்லை. மருமகளுக்குப் பிரசவம் என்று போனாள், பேரனைப் பார்த்துக்க ஆள் வேணும் என்று இருந்தாள், குழந்தை உட்கார ஆரம்பித்தான், நின்றான், நடந்தான், இருக்கிறாள். சண்டையா, சண்டை போட்டிருந்தால் சமாதானம் பண்ணப் போயிருக்கலாம். அவர் வாரத்துக்கு ஒரு தடவை பேசுகிறார், மாசாமாசம் பணம் அனுப்புகிறார், எப்போ வர்றே என்று மட்டும் கேட்கவில்லை, கேட்டால் எந்த வீட்டுக்கு என்று அவள் திருப்பிக் கேட்டுவிடுவாளோ என்று பயம். ஆமாம், பயம்தான், அதில் என்ன மறைக்க இருக்கிறது. ராத்திரியில் பக்கத்து அறையில் மோட்டார் ஓடி நின்றதும் ஒரு மௌனம் வரும் பாருங்கள், அந்த மௌனத்தில் ஐம்பத்தெட்டு வயசு ஆம்பளை பாயில் எழுந்து உட்கார்ந்து யாரையாவது கூப்பிடலாமா என்று பார்ப்பார், கூப்பிடுவதற்கு யார் இருக்கிறார்கள். வேலைக்குப் புதிதாக வருகிற பையன்களிடம் அவர் முதலில் சொல்லித் தருவது ஒன்று உண்டு, காலிப் பெட்டியோட பிரேக்கை விட்டீன்னா அது கீழ விழாதுடா, மறுபக்கம் பாரம் ஜாஸ்தி, பெட்டி தன்னால மேல ஓடும், உச்சியில போய் இடிக்கும், ஜாக்கிரதை. எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்.

மணியடித்தது. வந்துவிட்டார்கள், இளஞ்ஜோடி, அவன் ஏதோ ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன், அவள் வயிற்றில் ஆறேழு மாதம், படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. லிஃப்ட் வேலை செய்யுதே, அதுல வரலாமேம்மா என்றார். எனக்கு அதுல வந்தா தலை சுத்தும்ங்க என்றாள், அவருக்குச் சிரிப்பு வந்தது. அவன் குழாயைத் திறந்து திறந்து மூடினான், மீட்டர் எங்கே என்றான். அந்தப் பெண் நேராகச் சமையலறைக்குள் போய் மேடைக்கு அந்தப் பக்கம் நின்றாள், கையை மேடையில் வைத்துப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், முகம் மலர்ந்துவிட்டது, அதை மறைக்கவும் தெரியவில்லை பாவம். காலியாத்தானே இருக்கு, உடனே வரலாமா? என்று கேட்டாள். அவர் வாய் தானாகத் திறந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்விக்கு அவர் ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறார், தரகரிடம், பேப்பர் விளம்பரம் பார்த்து வருகிறவரிடம், எதிர்வீட்டுக்காரரிடம், யாராக இருந்தாலும். வீடு காலி என்று மொட்டையாகச் சொன்னால் கேட்கிறவருக்கு இளக்காரம், பேரம் பேசுவார்கள், யோசித்துச் சொல்கிறேன் என்பார்கள், காலி மாதம் ஒன்று இரண்டாகும். அதனால்… 'ஒருத்தர் பார்த்துட்டுப் போயிருக்காங்கம்மா, அநேகமா ரெண்டு நாள்ல முடிஞ்சிடும்.' யாரும் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டார்கள், அது ஒரு பேச்சு. அந்தப் பெண்ணின் முகம் அப்படியே விழுந்தது. மேடையிலிருந்து கையை எடுத்தாள். 'அப்படியா…' என்றாள், ஒரு மூச்சு விட்டாள், 'சரி' என்றாள்.

அந்தச் சரி. எங்கேயோ கேட்டிருக்கிறோமே, இதே மூச்சு, இதே இடைவெளி… ராத்திரி. பேரன் பல்லுக்கு அப்புறம், முழங்காலுக்கு அப்புறம் கேட்டாள், நம்ம மூணாவது மாடி வீடு காலியாயிடுச்சாமே, குடியிருந்த பொண்ணு போறதுக்கு முன்னாடி எனக்குப் போன் பண்ணுச்சு. நம்ம வீடு என்றாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாகத் தானாக வீட்டைப் பற்றிக் கேட்டாள். அதற்கு இவர், டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது, அதை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு, ஆமா, ஒருத்தர் பார்த்துட்டுப் போயிருக்காங்க, அநேகமா ரெண்டு நாள்ல முடிஞ்சிடும் என்றார். அப்படியா… சரி. சாப்பிட்டீங்களா? ஆச்சு. அடப்பாவி, அடப்பாவி மனுஷா, பெண்டாட்டியிடமா அதைச் சொன்னாய்? அவள் வாடகைக்கா கேட்டாள்? நான் வரட்டுமா என்று கேட்டாள், இதற்குமேல் எப்படிக் கேட்பாள் அவள், கூட்டிக்கிட்டுப் போங்க என்று வாய்விட்டுக் கேட்கிற ஜாதியா அவள்? ரெண்டே வருஷம் என்று சொன்னவன் நீ, மூன்று முடிந்து வீடும் தானாகவே காலியாகி அவளே கூப்பிட்டுக் கேட்கும்போது…

'சார், நாங்க இப்பவே அட்வான்ஸ் தந்துடறோம்' என்று எக்ஸ்ரே எடுக்கிறவன் பணத்தை எடுத்துவிட்டான், கட்டாக, பையோடு வந்திருக்கிறான். பாருங்கள், அந்தப் பேச்சு எப்படி வேலை செய்கிறது, ஒரு நாளும் பொய்த்ததில்லை. லிஃப்ட்காரர் பணத்தைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார். 'இல்ல தம்பி. நிஜமாவே ஒருத்தர் இருக்காங்க.' அவன் சிரித்தான், அவனுக்கும் உலகம் தெரியும். 'வாடகை வேணா இன்னும் கொஞ்சம் சேர்த்துத் தர்றோம் சார், இவளுக்கு வீடு பிடிச்சிடுச்சு.' 'அதுக்கில்லப்பா, சத்தியமா ஒருத்தர்கிட்ட பேச்சு இருக்கு.' நிஜத்தைச் சொன்னால் நம்ப ஆளில்லை, பொய்யைச் சொன்னபோது இரண்டு பேரும் நம்பினார்கள். அப்போ எதுக்கு சார் வரச் சொன்னீங்க, மாசமா இருக்கற பொண்ணை மூணு மாடி ஏற வெச்சீங்க என்று அவன் குரலை உயர்த்தினான், நியாயம்தானே. வேற ஒரு வீடு இருக்கு, ரெண்டாவது மாடி, அடுத்த மாசம் காலியாகும், முதல்ல உனக்குத்தான் சொல்லுவேன் என்றார், அதையும் அவன் நம்பவில்லை. அந்தப் பெண் மட்டும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு தடவை திரும்பிச் சமையலறைப் பக்கம் பார்த்தாள்.

அவர்கள் இறங்கின கையோடு மதிப்புப் போடுகிறவர் ஏறி வந்தார், கழுத்தில் அட்டை, கையில் லேசர் டேப், சுவரைத் தட்டிப் பார்க்கிறார், ஈரம் இருக்கா என்கிறார், கூரையைப் படம் எடுக்கிறார். இந்த வீட்டின்மேல் மேல்கடன் வாங்கி, கீழ்வீட்டுக்காரர் விற்கிற வீட்டை முடிப்பதாகப் பேச்சு, ஐந்தாவது வீடு, நல்ல விலை, மூன்று மாதமாகக் காத்திருந்த மீன். கடைசியில் அவர் டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு கேட்டார், 'யார் குடியிருக்காங்க சார்? சொந்தக் குடியிருப்பா, வாடகையா, காலியா?' மூன்றில் எது? நேற்றைக்கு வாடகை, இன்றைக்குக் காலி. 'சொந்தக் குடியிருப்பு' என்றார். வந்தவர் காலி அறைகளை ஒரு பார்வை பார்த்தார், ஒரு நாற்காலிகூட இல்லை. 'சார், விண்ணப்பத்துல வாடகை வருமானம்னு போட்டிருக்கீங்க. சொந்தக் குடியிருப்புன்னா வாடகையைக் கணக்குல எடுக்க மாட்டாங்க, கேட்ட தொகை கிடைக்காது. யோசிச்சுச் சொல்லுங்க.' யோசிச்சாச்சுங்க என்றார். சொல்லும்போதே மனசுக்குள் கணக்கு ஓடியது, ஓடாமல் இருக்குமா, இந்த வீட்டு வாடகை நின்றால் மற்றதில் துண்டு விழும், ஆறு மாதத் தவணை ஒதுக்கி வைத்தது இருக்கிறது, செத்தாலும் தொடக் கூடாது என்று வைத்தது, தொடலாம், அப்புறம் நாலாவதை விற்றுக் கடனை இறக்கிவிட்டால் மூன்று நிற்கும், நன்றாகவே நிற்கும். இத்தனை வருஷத்தில் இந்தக் கணக்கைப் போட்டே பார்த்ததில்லை, போட்டால் இவ்வளவு சுலபமாக வருகிறதே.

மதிப்புப் போடுகிறவர் போனதும் ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்தார், அவள் துணி தைத்த இடம். என்ன சொல்வது? வீடு காலியாத்தான் இருக்கு, வா. அவ்வளவுதான், நாலு வார்த்தை. இல்லை, முதலில் மன்னிச்சுக்கோ என்றா, அது ரொம்ப நாடகமாக இருக்கும், சிரிப்பாள். சிரிக்கட்டுமே. ஆணியை எல்லாம் விட்டுட்டுப் போயிருக்காங்க, கடிகாரத்தை எங்க மாட்டறதுன்னு வந்து சொல்லு என்று ஆரம்பிக்கலாம்… போனை எடுத்து அவள் நம்பரை அமுக்கினார். அந்தப் பக்கம் மணி அடித்தது, அடித்தது.

எடுத்தது மருமகள். 'சொல்லுங்க மாமா.' பின்னால் பேரன் எதையோ தரையில் தட்டுகிற சத்தம். அத்தை இல்லையாம்மா? 'வெளிய போயிருக்காங்க மாமா, போனை மறந்து வெச்சிட்டுப் போயிட்டாங்க. அவர்தான் கூட்டிக்கிட்டுப் போயிருக்கார்.' எங்கம்மா, கடைக்கா? 'வீடு பார்க்க, மாமா… உங்ககிட்ட சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன். ரெண்டு தெரு தள்ளி, சின்னதா, ஒரு ரூமும் சமையலறையும். எவ்வளவு நாள்தான் உங்க கூடவே இருக்கறது, எனக்குன்னு ஒரு இடம் இருக்கட்டும்னு ராத்திரிதான் சொன்னாங்க. நாங்க எவ்வளவோ சொன்னோம் மாமா.' ராத்திரியா? ஆமா மாமா, உங்ககூடப் பேசி வெச்சதுக்கு அப்புறம்.

அவர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆணி, ஆணி, ஆணி. இந்நேரம் அங்கே யாரோ ஒருத்தர் சாவிக்கொத்தோடு நிற்பார், ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டிருப்பார், அவள் நேராகச் சமையலறைக்குள் போவாள், மேடையில் கையை வைப்பாள், மெதுவாக, பிறத்தியாரைத் தொந்தரவு பண்ணுகிற மாதிரி, காலியாத்தானே இருக்குங்க? என்று கேட்பாள். அந்த ஆள் என்ன சொல்வான் என்று லிஃப்ட்காரருக்கு எழுத்துப் பிசகாமல் தெரியும். அவளும் நம்பிவிடுவாள், அப்படியா என்று முகம் விழும், சரி என்று படியிறங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு… ஒரே நாளைக்குள் இரண்டு தடவை, இரண்டு வீட்டு வாசலில்.

'மாமா? இருக்கீங்களா? அத்தைகிட்ட ஏதாவது சொல்லணுமா?'

'சொல்லும்மா' என்றார். 'பையனுக்கு இப்பவே போன் போட்டு அத்தைகிட்ட குடுக்கச் சொல்லு. ஒருத்தர் பார்த்துட்டுப் போயிருக்காங்கன்னு சொன்னா நம்ப வேணாம்னு சொல்லு. எல்லார்கிட்டயும் சொல்றதுதான் அது, யாருமே பார்த்திருக்க மாட்டாங்க, வீடு காலியாத்தான் இருக்கும்.'

'யார் சொன்னாலுமா மாமா?'

'யார் சொன்னாலும்தாம்மா' என்றார், சொன்னதில் கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது, அவளுக்குப் புரியும், ராத்திரி பேசினதும் சேர்த்துத்தான் என்று கட்டாயம் புரியும்… உடனே சொல்லிடறேன் மாமா என்று மருமகள் வைத்துவிட்டாள், கெட்டிக்காரப் பெண், ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்க மாட்டாள். ஜன்னல் வழியாக வெயில் கூடத்தில் பாதி தூரம் வந்திருந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது, நம்பாமல் இருந்தால் அவளுக்கு அங்கே பார்க்கிற அந்த வீடு கிடைத்துவிடும்.